தத்தெடுத்த நாயும் வேலை நாயும்: வன்னியில் நாய் வளர்ப்போர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வன்னியில் வளவுக்குள் சும்மா கிடக்கும் நாய் குறைவு. சந்தையடியில் இருந்து தூக்கிவந்த குட்டிகூட ஆறாம் மாதத்தில் படலையைக் காக்கத் தொடங்கிவிடும். ஒரு வருடத்தில் ஆட்டுப்பட்டிக்கோ கச்சான் தோட்டத்துக்கோ போய்விடும். அந்த உழைப்புக்கு ஈடாக அதற்குச் சேர வேண்டிய சோறு, தண்ணீர், ஊசி, ஓய்வு ஆகியவற்றைப் பற்றியே கீழே எழுதியிருக்கிறோம்.

கட்டாக்காலி நாய் ஒன்றை வீட்டுக்கு எடுக்கப் போகிறோம். முதலில் என்ன பார்க்க வேண்டும்?

அது யாருடைய நாயும் இல்லை என்பதை உறுதிப்படுத்துங்கள். நான்கு வீடு தள்ளி ஒருவர் தினமும் சோறு வைத்துக்கொண்டிருக்கலாம். அடுத்து, அண்மையில் அது வேறு நாயிடம் கடிபட்டதா, யாரையாவது கடித்ததா என்று விசாரியுங்கள். விசர்நாய்க்கடி நோய் கிருமி புகுந்து பல கிழமைகள், சில வேளை மாதங்கள் கழித்தே வெளியே தெரியும். புதுக் காயமோ கடித்தழும்போ இருந்தால் கையால் தொடமுதல் கால்நடை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பிறகு உதட்டைத் தூக்கிப் பல் முரசைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் பூச்சி, உண்ணிக் காய்ச்சல், பட்டினி ஆகியவற்றில் ஒன்றோ மூன்றுமோ இருக்கும். வீட்டில் வேறு நாய் இருந்தால் புதியதை 2 கிழமையாவது தனியாக வையுங்கள். சாப்பாட்டுக் கோப்பையும் வேறாக இருக்கட்டும்.

வந்த முதல் நாளே குளிப்பாட்டலாமா?

வேண்டாம். பயந்த நாயைப் பிடித்துத் தண்ணீர் ஊற்றினால் அது முதலில் கற்றுக்கொள்வது உங்கள் கையைக் கண்டு ஓடுவதைத்தான். கொட்டிலின் ஒரு மூலையில் சாக்கு விரித்து, பக்கத்தில் தண்ணீர்ச் சட்டி வைத்து, 3 நாளாவது அதன் போக்கில் விடுங்கள். சாப்பாட்டை ஒரே நேரத்தில், ஒரே இடத்தில், ஒரே ஆள் வைப்பது நல்லது. நேருக்கு நேர் கண்ணைப் பார்க்காமல் பக்கவாட்டில் குந்தியிருங்கள். அதுவாக வந்து மணக்கட்டும். சாப்பிடும்போதோ நித்திரையிலோ பிள்ளைகள் தொடக்கூடாது. புது நாய் பிள்ளையைக் கடிப்பது பெரும்பாலும் இந்த இரண்டு நேரத்திலும்தான்.

என்னென்ன ஊசி, எப்போது?

விசர்நாய்த் தடுப்பூசி குட்டிக்கு 3 மாதத்தில் ஒன்று, ஒரு வருடத்துக்குள் அடுத்தது, பிறகு வருடாவருடம். ஊர் முகாமில் அதைவிடச் சின்னக் குட்டிக்கும் போடுவார்கள். அப்படிப் போட்டிருந்தால் 3 மாதம் நிறைந்ததும் மறுபடி போடுங்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி முதல் ஊசியின் வேலையைக் குறைத்திருக்கும். வயது தெரியாத பெரிய நாய்க்கு இன்றே ஒன்று போட்டு, வருடத்துக்கு ஒன்றாகத் தொடருங்கள். போட்ட அன்றே பாதுகாப்பு வந்துவிடாது, ஏறக்குறைய ஒரு மாதம் எடுக்கும். முகாம் எப்போது என்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையிலோ உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமோ கேட்கலாம், அங்கே இலவசம். ஊசி அட்டையை ரேசன் அட்டைபோல் பத்திரமாக வையுங்கள்.

குட்டிகளை அள்ளிக்கொண்டு போவது பார்வோ என்ற வைரஸ் நோய். 6 முதல் 8 கிழமையில் தொடங்கி, 3 அல்லது 4 கிழமைக்கு ஒருமுறை, 16 கிழமை நிறையும்வரை கூட்டு ஊசி போட வேண்டும். ஒன்றோடு நிறுத்துவதால்தான் ‘ஊசி போட்டும் செத்துப்போச்சு’ என்ற பேச்சு வருகிறது. சத்தி, நாற்றமான இரத்த வயிற்றோட்டம், துவண்டு கிடத்தல் ஆகிய மூன்றும் சேர்ந்தால் அன்றே வைத்தியரிடம் போங்கள். சேலைன் ஏற்றினால் பல குட்டிகள் பிழைக்கும். சத்தி நிற்காத குட்டிக்கு வாயால் ஜீவனி பருக்குவதில் பயனில்லை. ஒரு குட்டி பார்வோவில் செத்த வளவில் கிருமி மண்ணில் ஒரு வருடம்வரை கிடக்கும். சீமெந்துத் தரையை 1 பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து 10 நிமிடம் ஊறவிட்டுக் கழுவலாம். மண்ணில் அது வேலை செய்யாது. ஆகவே ஊசி முழுதும் முடியாத குட்டியை அந்த வளவுக்குக் கொண்டுவராதீர்கள்.

வயலில் இறங்கும் நாய்க்கு எலிக்காய்ச்சல் ஊசியும் வருடாவருடம் தேவை. எலியின் சலம் கலந்த வாய்க்கால் தண்ணீரை நாய் குடிக்கும். நோய் வந்தால் அதன் சலம் வழியாக உங்களுக்கும் தொற்றும்.

நாய் கடித்துவிட்டது, எங்கள் நாய்தான். ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டுமா?

போக வேண்டும். அதற்குமுன் ஓடும் தண்ணீரில் சவர்க்காரம் போட்டு 15 நிமிடம் காயத்தைக் கழுவுங்கள். மணிக்கூட்டைப் பார்த்துக் கழுவுங்கள்; மனக்கணக்கில் 15 நிமிடம் என்பது 3 நிமிடத்தில் முடிந்துவிடும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதையும் வைக்காதீர்கள். கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலைகளில் தடுப்பூசி இலவசமாகக் கிடைக்கும். நாயின் அட்டையையும் கொண்டுபோங்கள். நாயை அடித்துக் கொல்லாதீர்கள். கட்டிவைத்து 14 நாள் கவனியுங்கள். அது நலமாக இருக்கிறதா என்பதை வைத்தே உங்களுக்குப் போடும் ஊசிகளின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பார்கள். கவனிக்கும் நாட்களில் விழுங்க முடியாமல் வீணீர் வடிந்தால், குரல் மாறினால், காரணமின்றிக் கல்லையும் தடியையும் கடித்தால், கிட்டப் போகாமல் உடனே அறிவியுங்கள்.

மீன் குழம்புச் சோறு போதாதா?

சோறும் மீனும் நல்ல சாப்பாடு. பிழை குழம்பில்தான். வெங்காயம், சின்ன வெங்காயம் உட்பட, நாயின் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உப்பும் மிளகாயும் வயிற்றைக் கெடுக்கும்.

15 கிலோ எடையுள்ள, கருத்தடை செய்த, நடுத்தரமாக ஓடியாடும் ஊர் நாய்க்கு ஒரு நாளுக்கு: அவித்த சோறு 350 கிராம், அவித்த சூடையோ சாளையோ 200 கிராம், அவித்த பூசணி 100 கிராம், தேங்காய் எண்ணெய் 1 தேக்கரண்டி. காலையும் மாலையுமாகப் பிரித்து வையுங்கள். சின்ன மீனை முள் மசியும்வரை அவித்து முள்ளோடு கொடுத்தால் சுண்ணாம்புச் சத்துச் சேரும். மீன் இல்லாத நாளில் கோழி ஈரலும் முட்டையும் வைக்கலாம்; அன்று காயவைத்து மாவாக இடித்த முட்டைக்கோது அரைத் தேக்கரண்டி சேருங்கள். ஈரல் கிழமைக்கு இரண்டு முறைக்கு மேல் வேண்டாம். கருவாடு என்றால் இரவு முழுதும் ஊறப்போட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு, மறுபடி அவிக்க வேண்டும். அவித்த கோழி எலும்பு வேண்டவே வேண்டாம், அது ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும்.

அளவு சரியா என்பதை விலா எலும்பு சொல்லும். கையால் தடவும்போது எலும்பு தட்டுப்பட வேண்டும். தூரத்தில் நின்று எண்ணக்கூடியதாக இருந்தால் சாப்பாடு போதாது. இரவெல்லாம் தோட்டம் காக்கும் நாய்க்கும் பால் கொடுக்கும் தாய்க்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. தாய்க்கு மூன்றாம் கிழமையில் இரண்டு மடங்குக்கு மேல் தேவைப்படும்.

உண்ணி எடுத்து எடுத்துக் களைத்துவிட்டோம். ஏன் முடிவதில்லை?

நாயின் மேல் இருப்பது கொஞ்சம்தான். மிச்சம் உங்கள் சுவரில் இருக்கிறது. இங்கே நாயைப் பிடிக்கும் கபில நிற உண்ணி, இரத்தம் குடித்ததும் இறங்கிச் சுவரில் ஏறும். மண்சுவர் வெடிப்பு, கிடுகு இடுக்கு, அடுக்கிய கல் என்று இருட்டான இடத்தில் ஆயிரக்கணக்கில் முட்டை இடும். வளர்ந்த உண்ணி சாப்பாடின்றியே பல மாதம் காத்திருக்கும். நாய்க்கு மட்டும் மருந்து போட்டால் இரண்டு கிழமையில் அடுத்த கூட்டம் ஏறுவது இதனால்தான்.

ஆகவே இரண்டையும் ஒரே நாளில் செய்யுங்கள். நாய்க்கு, அதன் எடையைச் சொல்லிக் கால்நடை வைத்தியரிடம் மாத்திரையோ முதுகில் விடும் மருந்தோ வாங்குங்கள். குளிக்க வார்க்கும் மருந்தென்றால் போத்தலில் எழுதிய அளவிலேயே கலக்க வேண்டும். ‘கொஞ்சம் கூட விட்டால் நல்லாச் சாகும்’ என்று விட்டு நாயை மயங்கவைத்தவர்கள் நிறையப்பேர். பேர்மெத்ரின் சேர்ந்த மருந்து பூனைக்கு நஞ்சு. பூனையும் நாயும் ஒன்றாகப் படுக்கும் வீட்டில் அதை வாங்காதீர்கள். படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அவித்தோ எரித்தோ விடுங்கள். சுவர் வெடிப்பைச் சாணமும் களிமண்ணும் குழைத்து அடையுங்கள். 2 கிழமைக்கு ஒருமுறை என்று குறைந்தது 2 மாதம் தொடர்ந்து கூட்டித் துப்புரவாக்கினால்தான் சங்கிலி அறும்.

கையால் எடுக்கும்போது தோலோடு ஒட்டச் சாமணத்தால் பிடித்து நேராக இழுங்கள். மண்ணெண்ணெய் பூச வேண்டாம். நகத்தில் வைத்து நசுக்காமல் சவர்க்காரத் தண்ணீருக்குள் போடுங்கள். காதின் உட்புறம், விரல் இடுக்கு, கழுத்துப்பட்டிக்குக் கீழ், கமக்கட்டு ஆகிய நான்கையும் தினமும் பாருங்கள்.

உண்ணிக் காய்ச்சலை எப்படிக் கண்டுபிடிப்பது?

சாப்பாட்டை மணந்துவிட்டுத் திரும்பும், எழும்ப மனமில்லாமல் கிடக்கும், முரசு வெளிறும், சலம் பிளேன் ரீ நிறத்தில் போகும், மூக்கால் இரத்தம் வருவதும் உண்டு. நாயின் சாதாரண உடல் வெப்பம் ஏறக்குறைய 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ். ஆகவே 39 என்றதும் பயப்பட வேண்டாம், 39.5ஐத் தாண்டினால் காய்ச்சல். பனடோல் கொடுக்காதீர்கள், அது ஈரலையும் இரத்தத்தையும் கெடுக்கும். இரத்தப் பரிசோதனை செய்தால் எந்தக் கிருமி என்று தெரியும், மருந்தும் அதற்கேற்ப மாறும். டொக்சிசைக்கிளின் எழுதினால் பெரும்பாலும் 28 நாள். ஐந்தாம் நாள் நாய் துள்ளுகிறது என்று நிறுத்தினால் திரும்ப வரும், முதல் தரத்தைவிடக் கடுமையாக. மாத்திரையைச் சாப்பாட்டோடு கொடுத்து மேலே தண்ணீரும் குடிக்க வையுங்கள். தொண்டைக்குழாயில் தங்கினால் புண்ணாக்கும்.

சொறிக்குக் கழிவு ஒயில் பூசுகிறார்களே?

பூசாதீர்கள். நாய் அதை நக்கும்; தோல் வழியாகவும் நஞ்சு ஏறும்; வெயிலில் தோல் வெந்துபோகும். சொறி பெரும்பாலும் சிற்றுண்ணியால் வருவது, ஊசியாலும் மாத்திரையாலும் சில கிழமையில் மாறும். ஒருவகைச் சொறி மனிதருக்கும் தொற்றிக் கையில் கடி எடுக்கும். தொட்டபின் சவர்க்காரம் போடுங்கள்.

பகலில் கட்டிவைப்பது பாவமா?

ஒரு மீற்றர்ச் சங்கிலியில் மரத்தடியில் ஆண்டுக்கணக்காகக் கிடத்துவது கொடுமை. அந்த நாய் காவலுக்கும் உதவாது: எதைக் கண்டாலும் குரைக்கும், அவிழ்ந்த அன்று யாரையாவது கடிக்கும். ஆனால் வீதியோரத்து வீட்டில் கட்டாமலும் முடியாது. ஏ9 வீதியில் அடிபடும் நாய்களே அதற்குச் சாட்சி. வழி இருக்கிறது. இரண்டு மரங்களுக்கிடையே 10 முதல் 15 மீற்றர் கம்பியைத் தலைக்கு மேல் உயரத்தில் இழுத்துக் கட்டுங்கள். அதில் ஓடும் ஒரு வளையம், வளையத்தில் இருந்து நாய் வசதியாகப் படுக்கும் நீளத்துக்குச் சங்கிலி. இரு முனையிலும் மரத்துக்கு ஒன்றரை மீற்றர் முன்பாகக் கம்பியில் முடிச்சோ கவ்வியோ வைத்து வளையத்தைத் தடுங்கள். இல்லாவிட்டால் நாய் மரத்தைச் சுற்றி இறுகிவிடும். சங்கிலியின் இரு நுனியிலும் சுழலும் கொக்கி வேண்டும். கழுத்துப்பட்டிக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் குட்டிக்குக் கிழமைக்கு ஒருமுறை பாருங்கள், சதைக்குள் புதைந்த பட்டியை வெட்டி எடுக்கும் நிலை வரக்கூடாது. ஓட்டத்தின் ஒரு பகுதி நாள் முழுதும் நிழலில் இருக்கட்டும். இரவில் அவிழ்த்து வளவுக்குள் விடுங்கள்.

பெட்டைக் குட்டி வேண்டாம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். என்ன செய்வது?

கருத்தடை செய்தால் பெட்டைதான் நல்ல காவல். ஊர் சுற்றாது, வளவோடு நிற்கும். 6 மாதமளவில் செய்விக்கலாம். விட்டுவிட்டால் ஏறக்குறைய 6 மாதத்துக்கு ஒருமுறை பருவம் வரும், சினைக்காலம் 63 நாள். சந்தையிலும் கோயிலடியிலும் சாக்கில் கட்டி விடப்படும் குட்டிகள் இப்படித்தான் வருகின்றன. சத்திரசிகிச்சைக்கு முதல்நாள் இரவோடு பெரிய நாய்க்குச் சாப்பாட்டை நிறுத்துங்கள். குட்டிக்கு எவ்வளவு நேரம் என்று வைத்தியர் சொல்வார். பிறகு 10 முதல் 14 நாள் காயம் நனையக்கூடாது, நக்கவும் கூடாது. தலைக்குப் போடும் கூம்பு கிடைக்காவிட்டால் சின்னப் பிளாஸ்டிக் வாளியின் அடியை வெட்டி, விளிம்புக்குத் துணி சுற்றிக் கழுத்துப்பட்டியோடு கட்டலாம்.

பட்டிக்கும் தோட்டத்துக்கும் நாயை எப்படிப் பழக்குவது?

ஆட்டுப்பட்டி நாயை 8 முதல் 16 கிழமைக்குள் ஆட்டோடு பழக்க வேண்டும். பட்டிக்குள் ஒரு மூலையை வலையால் மறித்துக் குட்டியை அங்கே வளருங்கள். சாதுவான தாயாடு ஒன்று அருகில் நிற்கட்டும். ஆட்டுக்குட்டியைத் துரத்தி விளையாடத் தொடங்கினால் அப்போதே தடுத்துப் பிரித்துவிடுங்கள், அந்த விளையாட்டுத்தான் பிறகு கடியாகும். அடித்துப் பழக்கிய நாய் நரி வந்தாலும் உங்கள் முகத்தைத்தான் முதலில் பார்க்கும்.

தோட்டக் காவலுக்கு ஒரு வயதுக்குப் பிறகே முழு இரவு அனுப்புங்கள். அதுவரை மாலையில் கூட்டிப்போய் எல்லையைச் சுற்றிக் காட்டிக் கொண்டுவரலாம். பன்றி வரும் இடத்துக்குத் தனி நாய் போதாது. காவல் கொட்டிலுக்குள் அதற்கும் ஒரு உயரமான, நனையாத படுக்கை வேண்டும். காலபோக மழையில் ஈரச்சேற்றில் இரவு முழுதும் நிற்கும் நாயின் கால் அழுகும். போகுமுன் கொஞ்சம் சாப்பாடு, விடிந்து வந்தபின் பெரிய சாப்பாடு. வந்ததும் நான்கு பாதத்தையும் தூக்கி நெருஞ்சியும் நாயுருவியும் பாருங்கள். பகலில் 6 மணித்தியாலமாவது குழப்பமில்லாத நித்திரை வேண்டும், பிள்ளைகள் எழுப்பக்கூடாது. இரவு வேலை செய்த ஆளை நாம் எழுப்பமாட்டோம் அல்லவா, அதே மரியாதை அதற்கும் உண்டு.

யானை வரும் வயலில் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். குரைத்துச் சீண்டும் நாய், யானை திரும்பியதும் ஓடிவருவது எசமான் நிற்கும் இடத்துக்கே. யானையும் பின்னால் வரும். உடும்பு பிடிக்கவும் பழக்காதீர்கள், அது சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட உயிரினம்.

காட்டோரம் போகும் நாய்க்கு எதெல்லாம் ஆபத்து?

பன்றிக்கு வைக்கும் வெடி முதலாவது. இரைக்குள் பொதித்திருக்கும், கடித்ததும் தாடை சிதறும். காட்டோரம் நடத்திப் போகும்போது கம்பிக்கூடை வாய்மூடி போடுங்கள். அதற்குள் வாயைத் திறந்து மூச்சு வாங்கலாம், கீழே கிடப்பதைத் தின்ன முடியாது. துணியால் வாயைக் கட்டினால் வெயிலில் மூச்சு முட்டும்.

சுருக்குத்தடம் அடுத்தது. பெரும்பாலும் மோட்டார் சைக்கிள் கிளச்சு வயரில் செய்வார்கள். சாதாரணக் குறடு அதை நசுக்குமே தவிர வெட்டாது. வயர் வெட்டும் கூர்க்குறடு ஒன்றைக் கொட்டிலில் வையுங்கள். விடுவித்த நாய் நடந்து வந்தாலும் வைத்தியரிடம் காட்டுங்கள், நெரிந்த சதை 2, 3 நாள் கழித்துத்தான் கறுத்து அழுகும்.

பாம்பு கடித்தால் கழுத்துப்பட்டியை உடனே கழற்றுங்கள், முகமும் கழுத்தும் வீங்கும். கட்டுப் போடாதீர்கள், வெட்டாதீர்கள். நடக்கவிடாமல் சாக்கில் தூக்கி ஓட்டோவில் ஏற்றுங்கள். புறப்படுமுன் வைத்தியரிடம் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று தொலைபேசியில் கேளுங்கள். வேலை நேரத்துக்குப் பிறகு யாரை அழைப்பது என்பதை இன்றே கேட்டுச் சுவரில் எழுதி வையுங்கள்.

மிதிவெடி தேடும் நாய்கள் எப்படி வேலை செய்கின்றன?

2009க்குப் பின் வன்னியில் மக்கள் திரும்பி நடக்கும் நிலத்துக்குக் கண்ணிவெடி அகற்றுவோரோடு நாய்களும் உழைத்திருக்கின்றன. புதைந்த வெடியில் இருந்து வெடிமருந்தின் மணம் மிக நுண்ணிய அளவில் மண்ணுக்குள் கசியும். நாய் தேடுவது அந்த மணத்தை. இங்கே அதன் பயன் பெரிது: முகமாலைபோல் ஆண்டுக்கணக்காகச் சண்டை நடந்த மண்ணில் உலோகங்காட்டி ஒவ்வொரு ஷெல் துண்டுக்கும் சத்தமிடும். நாய் வெறும் இரும்பைக் கணக்கெடுக்காது.

முதலில் பற்றை வெட்டப்படும். நிலத்தைப் பெரும்பாலும் 10 மீற்றர்ச் சதுரங்களாகப் பிரிப்பார்கள். பயிற்றுநர் துப்புரவான பாதையில் நின்று நீண்ட கயிற்றில் நாயை நேர்கோட்டில் விடுவார். மணம் பிடித்தால் நாய் தோண்டாது, குரைக்காது. அந்த இடத்தில் அப்படியே உட்காரும். இடம் அடையாளமிடப்பட்டு, மனிதர் கையால் அகழ்வார். ஒரு நாய் பார்த்த நிலத்தை இரண்டாவது நாயும் பார்த்தபின்பே முடிவு சொல்லப்படும். பலத்த காற்றிலும், மழை ஊறிய மண்ணிலும், உச்சி வெயிலிலும் தேடவிடுவதில்லை. 20, 30 நிமிடத்துக்கு மேல் மூக்கின் கவனம் நிற்காது, ஆகவே ஓய்வு கட்டாயம். கிடைக்கும் கூலி ஒரு றபர்ப் பந்தும் பயிற்றுநரின் பாராட்டும். இலங்கை 2017இல் கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் சேர்ந்தது. வேலை இன்னும் முடியவில்லை. வேலையில் நிற்கும் நாயைக் கண்டால் கூப்பிடாதீர்கள், விசிலடிக்காதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். ஒரு நொடி கவனம் சிதறினால் ஆபத்து அந்தப் பயிற்றுநருக்கு.

எங்கள் நாய் மிதிவெடி எச்சரிக்கை மண்டையோட்டுப் பலகையைத் தாண்டி உள்ளே ஓடிவிட்டது. என்ன செய்வது?

பின்னால் போகாதீர்கள். நாய் போய்வந்த தடம் பாதுகாப்பான பாதை என்று அர்த்தமில்லை. நின்ற இடத்தில் இருந்தே சாப்பாட்டுக் கோப்பையைத் தட்டிக் கூப்பிடுங்கள். வராவிட்டால் வந்த வழியே திரும்பிக் கிராம அலுவலரிடமோ பொலிஸ் அவசர இலக்கம் 119இலோ அறிவியுங்கள். எதையாவது கவ்விக்கொண்டு வந்தால் பறிக்கவோ துரத்தவோ வேண்டாம். ஆட்களை விலக்கிவிட்டு அது கீழே போடும்வரை பொறுங்கள், போட்டதைத் தொடாமல் அறிவியுங்கள்.

சோளகக் காலத்து வெயிலில்?

15 கிலோ நாய்க்குச் சாதாரண நாளில் ஒரு லீற்றர் வரை தண்ணீர் போகும். வேலை செய்யும் நாய்க்கு அதன் இரண்டு மடங்கை வையுங்கள். அலுமினியத்தைவிட மண்சட்டி நல்லது. நாக்கு கருஞ்சிவப்பாகி, வீணீர் தடித்து, தள்ளாடினால் வெப்பத்தாக்கம். நிழலில் கிடத்தி, உடல் முழுதும் கிணற்றுத் தண்ணீர் ஊற்றி, விசிறுங்கள். ஈரச்சாக்கால் போர்த்தினால் சூடு உள்ளேயே நிற்கும். தண்ணீரை வாய்க்குள் ஊற்றாதீர்கள். தேறியதுபோல் தெரிந்தாலும் வைத்தியரிடம் கொண்டுபோங்கள், உள்ளுறுப்புப் பாதிப்பு மறுநாள்தான் தெரியவரும்.

வயதாகிக் காவலுக்கு ஏலாத நாயை என்ன செய்வது?

9, 10 வயதளவில் இரவு வேலையை நிறுத்துங்கள். பழக்கம் விடாது, படலையடியில் நிற்கும். நிற்கட்டும், அது அதன் உரிமை. பல் தேய்ந்திருக்கும், சோற்றைக் குழைத்து மூன்று நேரமாகப் பிரித்து வையுங்கள். படுக்க இரட்டைச் சாக்கு. மூட்டு நோவுக்கு உங்கள் மாத்திரை எதையும் கொடுக்காதீர்கள். இபுப்ரோபன் நாயின் வயிற்றில் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நாய்க்கென்று நோ மருந்து உண்டு.

நாங்கள் வேறு ஊருக்குப் போகிறோம். நாயைக் கொண்டுபோக முடியாது.

புறப்படும் நாளில் ஆள் தேடாமல் ஒரு மாதம் முன்பே தேடுங்கள். எடுப்பவர் நீங்கள் இருக்கும்போதே சில நாள் வந்து சோறு வைக்கட்டும். கொடுக்கும்போது ஊசி அட்டை, அது படுத்த சாக்கு, கூப்பிடும் பெயர், எதைத் தின்னாது, எதற்குப் பயம், எந்த இடத்தில் தொட்டால் சீறும் என்பதையெல்லாம் எழுதிக் கொடுங்கள். பிரதேச சபையில் பதிந்திருந்தால் புது உரிமையாளரின் பெயருக்கு மாற்றச் சொல்லுங்கள். புது வீட்டில் முதல் 2 கிழமை படலை திறந்திருக்கக்கூடாது. பழைய வளவைத் தேடி வீதியில் ஓடுவது அந்த நாட்களில்தான்.